அவ்வை சண்முகமும் நம் மறதியும்

டி. கே. சண்முகம் என்னும் பெயரை நாம் அனைவரும் அறிவோம். அப்பெயரின் முன்னே நிற்கும் இரண்டு எழுத்துகளுள் 'கே' என்பது அவர்தம் தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளையைக் குறிக்கும். 'டி' எதைக் குறிக்கும் என்று நம் இல்லத்துப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். தஞ்சாவூர் என்பார்கள், திருநெல்வேலி என்பார்கள். அது திருவனந்தபுரம். நாம் வாழும் இந்த ஊர். 1912ஆம் ஆண்டு அவர் பிறந்த ஊர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழகத்தின் ஊர்தோறும், அரங்குதோறும், சுவரொட்டிதோறும் நம் ஊரின் முதலெழுத்தைச் சுமந்து திரிந்தார் அப்பெருமகனார். நாமோ அந்த எழுத்தையே மறந்திருக்கின்றோம்.

நமக்கு நடிகர்பால் அன்பு இல்லாமலில்லை. புதுப் படம் வெளிவரும் நாளில் நம் இளைஞர் காட்டும் ஆர்வத்தை யாரே அளக்க வல்லார்! பாலும் பூவும் படத்தட்டிக்குச் செல்கின்றன. இதனைக் கண்டு நாம் வெகுளவில்லை. இளமையில் ஒரு முகத்தை நேசிப்பது இயல்பே. ஆயின் முகத்தை நேசிப்பது வேறு, தொழிலை அறிந்து வியப்பது வேறு. நடிகன் செய்த வேலை இன்னதென அறியாத வியப்பை இரசனை என்று அழைப்பதற்கு நாம் உடன்பட மாட்டோம்.

சண்முகம் செய்த வேலை என்ன? ஆறு வயதில், 1918இல், உடன்பிறந்தாருடன் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்தார். பள்ளிக்கூடம் என்பது அத்துடன் முடிந்தது. அவருக்குத் தமிழ் கற்பித்தது நாடகப் பாடமே. சிறுவர் கம்பெனி வாழ்வு சொர்க்கமென்று நாம் கூற வரவில்லை. அடியும் பசியும் அங்கே உண்டு. ஆனால் அச்சிறுவர்கள் நாவில் யாப்பமைந்த தமிழ் ஊறிற்று. இந்தச் சிறுவனின் ஆற்றலைக் கண்ட சுவாமிகள் ஒரே இரவில் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை எழுதி முடித்தார் என்பது நாடக வரலாற்றில் புகழ்பெற்ற செய்தி. சுவாமிகள் 1922இல் மறைந்தார். மூன்றாண்டு கழித்து, சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி ஆகிய நால்வரும் தமக்கென ஒரு சபை கண்டனர். மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா என்னும் அக்குழு 1925இல் முதன்முதல் திரை தூக்கியது எங்கே? இதே திருவனந்தபுரத்தில். பின்னாளில் கலைவாணர் எனப் போற்றப்பெற்ற நாகர்கோவில் என். எஸ். கிருஷ்ணன் அக்குழுவில் வளர்ந்தவர் என்பதையும் ஈண்டு நினைவு கூர்தல் தகும்.

"எல்லாம் சரி, திரைப்படத்தில் அவர் பெரிதாக நிலைக்கவில்லையே" என்பார் உளர். இக்கூற்றே நம் காலத்தின் நோய். திரையில் எத்தனை அடி நீளம் நின்றார் என்பதா நடிகனுக்கு அளவுகோல்? 1935இல் 'மேனகா' படத்தில் அவர்தம் குழுவே திரையேறியது. 1941இல் 'குமாஸ்தாவின் பெண்', 1948இல் 'பில்ஹணன்' என வாய்ப்புகள் வந்தவண்ணம் இருந்தன. 1961இல் வெளிவந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் சுப்பிரமணிய சிவாவாக அவர் தோன்றும் காட்சிகளை இன்றும் காணலாம். கண்டவர்கள் அக்குரலை மறவார். திரை அவரை விலக்கவில்லை. அவர்தாம் மேடையை விடவில்லை. ஒவ்வொரு படம் முடிந்ததும் மீண்டும் ஒப்பனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர்க் கொட்டகைக்குச் சென்றவரைத் தோல்வியுற்றவர் என்று கணக்கெழுதுவோர் கணக்கறியாதவர்.

வேறு சிலர், ஆண்மகன் பெண் வேடம் பூணுவது பழங்காலத்துக் கூத்து என எள்ளுவர். 1942இல் 'ஔவையார்' நாடகம் அரங்கேறிய காலை சண்முகத்திற்கு வயது முப்பது. முப்பது வயது இளைஞர் கூனி, குரல் தழுதழுத்து, கோலூன்றி நடந்து, நாட்டு மக்களின் பாட்டியாகவே ஆகிவிட்டார். அண்மைக் காட்சியில் கண்ணின் ஈரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் படக்கருவி அங்கில்லை. கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் அந்த முதுமை தெரியவேண்டும். அதுவும் இரவுதோறும் தெரியவேண்டும். கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் நடித்த ஜெமினியின் படம் 1953இல்தான் வந்தது. அதற்குப் பதினோராண்டு முன்னரே ஔவைக்கு ஓர் உருவம் தந்தவர் இவர். மக்கள் அவர் பெயருடன் 'அவ்வை'யை ஒட்டிவிட்டனர். ஏற்ற வேடமே அடைமொழியாக நிலைப்பது எத்தனை நடிகருக்கு வாய்த்தது?

1996இல் வந்த 'அவ்வை சண்முகி' படத்தை நம் பிள்ளைகள் அறிவார்கள். விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிறு வயதில் டி. கே. எஸ். குழுவில் பயின்ற கமல்ஹாசன், தம் ஆசானை நினைந்தே அப்பெயரை வைத்தார் என்பதை எந்தப் பெற்றோர் அவர்களுக்குச் சொன்னோம்? நகைச்சுவை எஞ்சியது; நன்றி உதிர்ந்தது.

நடிப்போடு அவர் பணி நின்றதா? 1944இல் ஈரோட்டில் தமிழ் நாடகக் கலை வளர்ச்சிக்கென மாநாடு கூட்டியவர் அவர். 'அந்தமான் கைதி', 'முள்ளில் ரோஜா' போன்ற சமூக நாடகங்களுக்கும், அரு. இராமநாதனின் 'இராஜராஜ சோழன்' போன்ற பெருநாடகத்திற்கும் மேடை தந்தது அவர்தம் குழுவே. 'எனது நாடக வாழ்க்கை' என்ற நூல் ஒன்று போதும், அரை நூற்றாண்டுத் தமிழ் மேடையின் வரலாற்றை அறிய. 1971இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 1973இல் மறைந்தார். சென்னையில் ஒரு சாலைக்கு அவர் பெயர் உண்டு.

இனி நம்மைப் பற்றிப் பேசுவோம். இவ்வூரில் நாம் விருந்தினர் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். 1956இல் எல்லைக்கோடு மாறிக் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தபின் இவ்வெண்ணம் மேலும் வலுத்தது. ஆனால் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' இந்நகரில் விளைந்தது. சண்முகத்தின் சபை இந்நகரில் தொடங்கியது. தமிழ் நாடகத்தின் இரண்டு பெரும் ஊற்றுகள் இங்கே இருக்க, நம் ஆண்டு விழா மேடையில் ஒலிப்பது என்ன? ஒலிப்பெட்டியில் ஓடும் திரைப்பாட்டு. அதற்கு வாயசைத்து ஆடும் குழந்தைகள். பெற்றோர் படம் பிடிக்கின்றனர். குழந்தையின் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல்கூட வெளிவருவதில்லை!

நம் அண்டை வீட்டு மலையாளிகளைப் பார்க்கட்டும். தோப்பில் பாசியின் நாடகத்தை 1952இல் கே. பி. ஏ. சி. மேடையேற்றிய கதையை அவர்கள் இன்றும் பெருமையுடன் பேசுகின்றனர். பள்ளிக் கலோத்சவத்தில் நாடகப் போட்டி நடக்கிறது. நம் பிள்ளைகளும் அதில் மலையாளத்தில் நன்றாகவே நடிக்கின்றனர். மகிழ்ச்சி. வீட்டில் பாட்டியிடம் பேசத் தமிழ் தடுமாறும் பிள்ளைக்கு, ஒரு பக்க வசனத்தை மனனம் செய்து உரக்கச் சொல்லும் வாய்ப்பைத் தமிழில் யார் தருவது? நாம்தாம் தரவேண்டும். "நேரமில்லை, திரைச்சீலை இல்லை, பயிற்றுவிக்க ஆளில்லை" என்ற விடைகளை ஏற்க நாம் ஆயத்தமாக இல்லை. பாட்டுக் கச்சேரிக் குழுவுக்கு ஓரிரவில் கொடுக்கும் தொகையில் பாதி இருந்தால் ஒரு நாடகம் போடலாம்.

அடுத்த ஆண்டு விழாவில் ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த காட்சி ஒன்றே போதும். சாலைக் கடைத்தெருவில் ஒரு வெள்ளைச் சேலையும் ஒரு கைத்தடியும் கிடைக்கும். வசனத்தைப் பிள்ளைகளே தம் கையால் தமிழில் படியெடுக்கட்டும். ஒலிபெருக்கி வேண்டாம், கடைசி வரிசையில் முதியவர்களை அமர்த்தி, கேட்கிறதா என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். ஒத்திகைக்கு ஞாயிறு மாலைகள் இருக்கின்றன.