கட்டுப் போட முடியாத வலி

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி என்று ஓர் ஊர். ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்து அனுப்புகிற ஊர். எங்கோ ஒருத்தர் பைக்கிலிருந்து விழுந்தால் இங்கே தறி ஓடும்.

கட்டு என்பது வெறும் துணி இல்லை ஸார், சர்டிபிகேட்! சுண்டு விரலில் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டு ஆபீஸ் போய்ப் பாருங்கள். ஹெட் கிளார்க் சீட்டுக்கே வந்து விசாரிப்பார். இன்னொருத்தர் டீயை ஆற்றிக் கொடுப்பார். கட்டு இல்லாமல் போய், "முதுகெலும்பு பூரா வலிக்குது ஸார், லீவு வேணும்" என்று கேளுங்கள். "நேத்து நல்லாத்தானேய்யா இருந்தே? இன்னிக்கு என்ன, மேட்ச்சா?"

இப்படி யாரும் நம்பாத வலிகளில் மோசமானது அரிவாள் செல் நோயின் வலி. தென் மாவட்டத்துக்காரனான எனக்கு அரிவாள் என்றதும் வேறு ஞாபகம் வரும். இது வெட்டரிவாள் இல்லை. கதிர் அறுக்கிற பண்ணரிவாள்.

நம் ரத்தச் சிவப்பணு நடுவில் அமுங்கிய பன் மாதிரி மெத்தென்று இருக்கும். எந்தச் சந்திலும் நெளிந்து போய்விடும். இந்த நோயில் ஹீமோகுளோபின் சங்கிலியில் ஒரே ஒரு அமினோ அமிலம் ஆள் மாறி உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஆக்ஸிஜனை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஹீமோகுளோபின் கம்பி கம்பியாகக் கோர்த்துக்கொண்டு, அணு விறைத்து அரிவாளாகிறது. ராஜபாளையம் மெயின் ரோட்டில் ஒரு லாரி குறுக்கே நின்றால் என்ன ஆகும்? அதேதான். அடைப்புக்கு அப்பால் ரத்தம் போகாது. கை, கால், முதுகு, நெஞ்சு என்று எலும்புக்குள்ளிருந்து வலி. மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில். குளிர், தண்ணீர் குடிக்காமலிருப்பது, ஜுரம், அலைச்சல் என்று எது வேண்டுமானாலும் கிளப்பிவிடலாம். வெளியே ஒரு கீறல் தெரியாது. சத்திரப்பட்டிக்கு ஆர்டர் கிடையாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மொட்டை மாடியில் நின்றால் மேற்கே தெரிகிறதே மேற்குத் தொடர்ச்சி மலை, அது பாலக்காட்டுக் கணவாயில் ஒரு மூச்சு வாங்கிவிட்டு, வடக்கே நீலகிரியாக எழும்புகிறது. அங்கேதான் 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பழங்குடி மக்களின் ரத்தத்தில் இந்த அரிவாளைக் கண்டார்கள். இந்த ஜீன் அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியாவுக்கு எதிராக ஒரு கவசம். பொதுவாக வலியும் இல்லை. இருவரிடமிருந்தும் வந்தால் நோய். 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதாக ஏற்பாடு. அந்த ரிசல்ட்டைக் கல்யாணத்துக்கு முன் ஒப்பிட்டுப் பார்ப்பது, என்னைக் கேட்டால், பதினோராவது பொருத்தம்.

வலியைக் குறைக்க வழி இல்லாமல் இல்லை. ஹைட்ராக்ஸியூரியா என்று ஒரு மருந்து. கேன்ஸருக்குக் கொடுத்து வந்தது. பிறந்த குழந்தையின் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை மறுபடி சுரக்கவைக்கிறது. அது இருந்தால் கம்பி கோர்ப்பது குறையும். 1995-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், வலி வரும் தடவைகள் ஏறக்குறைய பாதியாகின. தினமும் சாப்பிட வேண்டும். டாக்டர் அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்ப்பார்.

வலி வந்தேவிட்டால் தண்ணீர், கதகதப்பு, பாராசிட்டமால். (ஐஸ் ஒத்தடம் கூடவே கூடாது.) இதற்கெல்லாம் அடங்காத வலிக்கு மார்ஃபின். ஆஸ்பத்திரிக்கு வந்த 30 நிமிஷத்துக்குள் வலி மருந்து கொடுத்துவிட வேண்டும் என்கிறது பிரிட்டனின் 2012 வழிகாட்டு நெறி. இங்கேதான் சிக்கல். அமெரிக்காவிலேயே, "ஊசிக்காக நடிக்கிறான்" என்று கறுப்பின நோயாளிகளைக் காக்கவைப்பது பழைய புகார். நம்மிடம் அபின் சட்டப்படியே பயிராகிறது, ஏற்றுமதியும் ஆகிறது. ஆனால் 1985-ன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் பக்கமே போகாமல் இருந்தன. 2014-ல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். பயம் அவ்வளவு சீக்கிரம் தளரவில்லை. வலியை அளக்க மீட்டர் கிடையாது ஸார். நோயாளியின் வாய்தான் மீட்டர்.

உங்கள் செக்‌ஷனில் இந்த நோய் உள்ள பையன் இருந்து, ஏ.ஸி.க்கு நேரே இருக்கும் சீட்டை மாற்றித் தரச் சொன்னால் மாற்றிக் கொடுங்கள். வலியோடு ஜுரம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் எதுவாவது சேர்ந்தால் லீவ் லெட்டரெல்லாம் அப்புறம். முதலில் 108.