முதிர்ந்த சாராயமும் கசிப்பும்

களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் வாழும் நண்பரொருவர், சென்ற மாதம் ஒரு மாலையில், பல்லாண்டு முதிர்ந்த தென்னஞ் சாராயத்தைச் சிறிதளவு ஊற்றி என்முன் வைத்தார். “உடனே குடித்துவிடாதீர்கள், மாஸ்டர், முதலில் முகர்ந்து பாருங்கள்” என்றார். தென்னம்பாளையின் மணமும் பழமரத்தின் மணமும் ஒருங்கே எழுந்தன. நாவிலே காரம் இருந்தது, கடுமை இல்லை.

கரும்பிலிருந்து வடித்த ரம்மை ஓக் மரப் பீப்பாயில் முதிரவைத்து, அதன் வயதை மேனாட்டார் போற்றுகின்றனர். நமது சாராயத்தின் பிறப்பு அதனினும் தாழ்ந்ததன்று. களுத்துறை, வாதுவைப் பகுதிகளில் தொழிலாளர், மரத்துக்கு மரம் கட்டிய தும்புக் கயிற்றின்மேல் நடந்து பாளையைச் சீவுகின்றனர். வடியும் சாறு தானே புளித்துக் கள்ளாகிறது. அதனைக் காய்ச்சி வடித்து, சிங்களத்தில் அல்மில்லா எனவும், ஆங்கிலத்தில் திருகோணமலை மரம் எனவும் வழங்கும் மரத்தாலான பெரும் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் வைக்கின்றனர். காரத்தைத் தணிப்பது காலமே. ஆயினும், சாராயம் என்ற பெயரோடு விற்பன யாவும் இவ்வாறு பிறந்தவையல்ல. கரும்புக் கழிவுப்பாகின் மதுசாரத்தோடு சிறிது தென்னஞ் சாராயம் கலந்தவையும் பல.

விடைபெற்று வெளியே வந்தபோது, ஒழுங்கை முனையிலே வேறொரு நெடி வீசியது. அது கசிப்பு. கசிப்புக்கு வயது கிடையாது. சீனியையும் ஈஸ்டையும் புளிக்கவைத்துச் சில நாட்களில் வடித்து, சூடாறுமுன் விற்றுவிடுகின்றனர். அதில் வேறென்ன கலந்துள்ளதென்பதைக் குடிப்பவன் அறியான்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப்பின், 2023 இல் தை மாதமும் ஆடி மாதமும் மதுவரி நூற்றுக்கு 20 வீதம் உயர்த்தப்பட்டது. வரி ஏறினால் குடி குறையும் என்பர். குடியாற் சிதைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொன்ன எந்த ஆசிரியனும் அவ்வாதத்தை எளிதில் தள்ளான். ஆனால், ஒரு போத்தல் ஒரு நாட்கூலியையே விழுங்கும்போது, கூலியாளன் குடியை விடுவதற்குப் பதிலாகத் தவறணையை விட்டுக் கசிப்பை நாடினால், குறைந்தது குடியன்று. கணக்கில் ஏறும் குடி மட்டுமே.

குடியினாற் கருவூலத்தை நிரப்புவது இந்நாட்டில் புதிதன்று. 19 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் சாராயக் குத்தகையை ஏலத்தில் விட்டனர். அக்குத்தகையாற் செல்வரானோர் வரலாற்றைக் குமாரி ஜயவர்தன 2000 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். குத்தகை ஒழிந்தது, ஏழையின் குடியில் வருமானம் தேடும் வழக்கம் ஒழியவில்லை.

போத்தலுக்குள் இருப்பது எது, அதன் வயது என்ன என்பவற்றை வெளிப்படையாகப் பொறித்தல் வேண்டும். வரிப்பணத்தில் ஒரு பங்கேனும் குடிநோயாளரின் சிகிச்சைக்குச் செல்லவேண்டும். இவ்விரண்டும் இல்லாதவிடத்து, நண்பரின் வீட்டில் நான் நுகர்ந்த மணத்தை நாகரிகம் என்று பாராட்ட என் மனம் ஒப்பவில்லை. அதன் சுவையை நான் மறுக்கவில்லை; ஒழுங்கை முனையின் நெடியையும் மறக்க இயலவில்லை.