பக்கத்தைச் செதுக்கியவர்களுக்கும் ஒரு நடுகல்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் வயலோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் நூற்றுக்கணக்கான நடுகற்கள் நிற்கின்றன. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் அவற்றுள் பல பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அவற்றில் ஒன்றின் முன் நின்று நிதானமாகப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊரில் ஆநிரை கவரப்பட்டது, அதை மீட்கச் சென்று மாண்டவன் யார் என்பதைச் சில வரிகள் சொல்கின்றன. அவ்வரிகளை ஒட்டியே கையில் வில்லும் வாளும் ஏந்தி நிற்கும் வீரனின் உருவம். எழுத்தறிந்தவர் படித்தறியலாம், எழுத்தறியாதவர் பார்த்தறியலாம். சொல்லும் படமும் ஒரே பக்கத்தில் சேர்ந்து ஒரு செய்தியைச் சொல்லும் கலையை இந்த மண் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது.

ஆனால், அந்தக் கற்களில் ஒரு குறை உண்டு. மன்னன் பெயர் இருக்கிறது, வீரன் பெயர் இருக்கிறது. செதுக்கியவன் பெயரைப் பெரும்பாலும் காண முடிவதில்லை. இன்றைய நாளிதழின் நிலையும் ஏறத்தாழ அதுதான். கட்டுரையாளருக்குப் பெயர் உண்டு, ஆசிரியருக்குப் பெயர் உண்டு. அந்தப் பக்கத்தை வகுத்து, எழுத்துருவைத் தேர்ந்து, படத்துக்கு இடமளித்து, வரைபடம் தீட்டி, வாசகரின் கண்ணை வழிநடத்தியவர் யார் என்பது வாசகருக்குத் தெரிவதே இல்லை.

இதழியலின் காட்சிப் பிரிவில் வாழ்நாளைச் செலவிட்டவர்களைச் சிறப்பிக்கும் வழக்கம் உலகின் பிற பகுதிகளில் புதிதன்று. அமெரிக்காவில் வழங்கப்படும் புலிட்சர் பரிசில் கேலிச்சித்திரத்துக்கு 1922 முதலும், புகைப்படத்துக்கு 1942 முதலும் இடம் உண்டு. 1979-இல் தொடங்கப்பட்ட செய்தி வடிவமைப்புச் சங்கம், நாளிதழ் வடிவமைப்பாளர்களுக்கு வாழ்நாள் சாதனை விருதையே வழங்குகிறது. எட்மண்ட் ஆர்னால்டு, மரியோ கார்சியா போன்றவர்கள் அவ்வாறு சிறப்பிக்கப்பட்டவர்கள். அந்த மரியோ கார்சியாதான் 2005-இல் சென்னையின் 'தி இந்து' ஆங்கில நாளிதழுக்குப் புதிய வடிவம் தந்தவர் என்பது நமக்கும் அந்தத் துறைக்கும் உள்ள நேரடித் தொடர்பு.

நம் நாட்டிலும் முற்றிலும் பாராமுகம் என்று சொல்லிவிட முடியாது. கேலிச்சித்திரக் கலைஞர்களான சங்கருக்கு 1976-இலும், ஆர்.கே.லக்ஷ்மணுக்கு 2005-இலும் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞரான ஹோமை வியாரவாலாவுக்கு அதே விருது 2011-இல்தான் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 97; அடுத்த ஆண்டு ஜனவரியில் அவர் காலமானார். வாழ்நாள் விருது வாழ்நாளின் விளிம்பில்தான் வந்துசேர வேண்டும் என்பது என்ன நியதி?

ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், பெங்களூரு மகாத்மா காந்தி சாலையை ஒட்டி, இந்தியக் கேலிச்சித்திரக் கலைஞர்கள் நிறுவனம் நடத்தும் காட்சிக்கூடம் 2007 முதல் இயங்கி வருகிறது. நாட்டின் பல மொழிகளைச் சேர்ந்த கேலிச்சித்திரக் கலைஞர்களின் படைப்புகள் அங்கே காட்சிக்கு வைக்கப்படுகின்றன. மூத்த கலைஞர்கள் சிறப்பிக்கப்படுகிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மணி நேரப் பயணத்தில் கிடைக்கும் இந்த வாய்ப்புக்கு நிகரான நிரந்தரக் கூடம் ஒன்று எல்லைக்கு இந்தப் பக்கமும் வேண்டாமா?

தமிழ் இதழியலுக்கு இந்தத் துறையில் மரபு இல்லாமல் இல்லை. 1906-இல் தொடங்கப்பட்ட 'இந்தியா' வார இதழில் அரசியல் கேலிச்சித்திரங்களை வெளியிட்டுத் தமிழில் அதற்கு முன்னோடியாக விளங்கியவர் மகாகவி பாரதியார். 'ஆனந்த விகட'னில் மாலி வகுத்த பாதையில் கோபுலு வந்தார், சில்பி வந்தார். 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற தலைப்பில் சில்பி தீட்டிய கோயில் சிற்பக் கோட்டோவியங்கள் இன்று ஆவணங்களாகவே மதிக்கத் தக்கவை. 'தில்லானா மோகனாம்பாள்' தொடரை வாசித்த தலைமுறைக்கு அதன் மாந்தர்கள் கோபுலுவின் கோடுகளில்தான் முதலில் உயிர்பெற்றார்கள்.

நாளிதழ்களின் கதையும் இதுவே. 1942-இல் சி.பா.ஆதித்தனார் தொடங்கிய 'தினத்தந்தி', பெரிய தலைப்பும் எளிய சொல்லும் படமுமாகப் பக்கத்தை அமைத்து, புதிதாக எழுத்தறிந்த பாமரரையும் நாளிதழ் வாசகராக்கியது. 1960-இல் அதில் தொடங்கிய 'கன்னித்தீவு' படக்கதை தலைமுறைகளைக் கடந்தது. இதை வெறும் வணிக உத்தி என்று ஒதுக்கிவிட முடியாது. யார் நாளிதழ் படிக்கலாம் என்ற எல்லைக்கோட்டையே அந்தப் பக்க அமைப்பு மாற்றி எழுதியது.

எழுத்தின் வடிவமும் இந்த வரலாற்றின் ஒரு பகுதிதான். 1935-இல் பெரியார் தமது 'குடிஅரசு' இதழில் சீர்திருத்த எழுத்துகளைக் கையாளத் தொடங்கினார். ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கும் ணா, றா, னா ஆகியவற்றுக்கும் இருந்த தனி வடிவங்கள் கைவிடப்பட்டதால், அச்சுக் கோப்பவரின் பெட்டியில் எழுத்துகளின் எண்ணிக்கை குறைந்தது. 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு அந்தச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. பின்னர், கணினிக்கேற்பத் தமிழ் எழுத்துருக்களை உருவாக்குவதில் முனைந்தவர்களுள் ஒருவர், நாணயவியல் அறிஞரும் 'தினமலர்' ஆசிரியராக இருந்தவருமான இரா.கிருஷ்ணமூர்த்தி, 2021-இல் மறைந்தார். இன்று கைப்பேசித் திரையில் நாம் தடையின்றித் தமிழ் படிப்பதற்குப் பின்னால் இப்படி எத்தனையோ பேரின் உழைப்பு உள்ளது. அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை.

படத்தின் வலிமையை அறியாததால்தான் இந்தப் புறக்கணிப்பு என்று கருதுவதற்கும் இடமில்லை. அதிகாரத்தில் இருப்போர் அதை நன்றாகவே அறிவார்கள். 1987-இல் 'ஆனந்த விகடன்' அட்டையில் வெளியான ஒரு நகைச்சுவைச் சித்திரத்துக்காக அதன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது தமிழக சட்டப்பேரவை. கடும் எதிர்ப்புக்குப் பிறகு சில நாள்களில் அவர் விடுவிக்கப்பட்டார். 2017-இல் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத் தீக்குளிப்பு தொடர்பான கேலிச்சித்திரத்துக்காக ஓவியர் பாலா கைது செய்யப்பட்டார். 2025 பிப்ரவரியில் பிரதமரைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரத்தைத் தொடர்ந்து விகடன் இணையதளமே முடக்கப்பட்டது. அந்தச் சித்திரத்தைத் தாற்காலிகமாக நீக்கும் நிபந்தனையுடன் முடக்கத்தை விலக்க மார்ச் மாதம் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. மூன்று நிகழ்வுகள், மூன்று வெவ்வேறு ஆட்சிகள். தண்டிக்கும்போது படத்தின் வலிமை உடனே தெரிகிறது. பாராட்டும்போது மட்டும் அது மறந்துவிடுகிறது.

தமிழக அரசு மூத்த இதழியலாளர்களுக்கு ரூ.5 லட்சம் பரிசுத் தொகையுடன் 'கலைஞர் எழுதுகோல் விருது' வழங்கி வருவது வரவேற்கத்தக்க முயற்சி. முதல் விருது, 'தினத்தந்தி'யில் நீண்டகாலம் பணியாற்றிய ஐ.சண்முகநாதனுக்கு வழங்கப்பட்டது பொருத்தமானதே. ஆனால், விருதின் பெயரே எழுதுகோல். தூரிகை ஏந்தியவரும், கேமரா சுமந்தவரும், பக்கத்தை வடிவமைத்தவரும் அந்தப் பெயருக்குள் தங்களுக்கும் இடமுண்டு என்று உணர வேண்டுமானால், அவர்களுக்கென ஒரு பிரிவு வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டும்.

சட்டமும் இவர்களுக்கு முழுமையாக வழிவிடவில்லை. 1955-ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம், பத்திரிகையாளர் யார் என்பதை விளக்கும்போது ஆசிரியர், துணை ஆசிரியர், செய்தியாளர் ஆகியோருடன் கேலிச்சித்திரக் கலைஞர், செய்திப் புகைப்படக் கலைஞர், மெய்ப்புத் திருத்துநர் ஆகியோரையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. காலத்தை மீறிய பார்வை அது. ஆனால், அந்தப் பட்டியலில் பக்க வடிவமைப்பாளர் இல்லை. ஈய எழுத்துகளின் காலத்தில் அப்படியொரு பணி தனியாக உணரப்படவில்லை என்று சமாதானம் சொல்லலாம். அதற்கு மாற்றாக 2020-இல் இயற்றப்பட்ட பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், மின்னணு ஊடகத்தையும் எண்ம ஊடகத்தையும் சேர்த்துக்கொண்ட பிறகும் அதே பணிப்பெயர்களைத்தான் திரும்பச் சொல்கிறது. அப்பட்டியல் முழுமையானதன்று என்று சட்டம் அறிந்தோர் வாதிடலாம். என்றாலும், பெயர் சொல்லப்படாதவர் தமது தகுதியை ஒவ்வொரு முறையும் நிரூபிக்க வேண்டியிருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

ஓசூர் பகுதி மக்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். கெலவரப்பள்ளி அணையிலிருந்து வெளியேறும் தென்பெண்ணை நீரில் மலைபோல நுரை பொங்கி நிற்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். பெங்களூருவின் கழிவுகள் ஆற்றில் கலப்பதைப் பற்றி அறிக்கைகள் எத்தனையோ வெளிவந்துள்ளன. நீரின் வேதியியல் அளவீடுகளை எத்தனை பேர் படித்திருப்போம்? அந்த வெண்ணுரையின் புகைப்படம்தான் பிரச்னையை மாநிலம் முழுவதும் கொண்டுசேர்த்தது. துர்நாற்றத்தின் நடுவே ஆற்றங்கரையில் நின்று அந்தப் படங்களை எடுத்தவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? தளி, தேன்கனிக்கோட்டை வனப்பகுதிகளில் யானைகள் விளைநிலங்களுக்குள் வரும் வேளையில் உயிரைப் பணயம் வைத்துப் படமெடுப்பவர்களும் அப்படித்தான். அவர்களில் பலர், படத்துக்கு இவ்வளவு என்று சொற்ப ஊதியம் பெறும் பகுதிநேரப் பணியாளர்கள்.

இன்னொரு வகையிலும் ஓசூருக்கு இது அந்நியமான செய்தி அன்று. டாட்டா குழுமமும் தமிழக அரசின் டிட்கோ நிறுவனமும் 1984-இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கைக்கடிகாரங்கள் ஓசூரிலிருந்துதான் நாடெங்கும் சென்றன. நேரம் காட்டுவதற்கு மட்டுமன்றி, வடிவத்துக்காகவும் பொருள் வாங்கப்படும் என்பதை அறிந்த ஊர் இது. இங்கு உருவாகும் ஒரு புதிய கருவிக்குக் காப்புரிமை கோரினால், கண்டுபிடித்தவரின் பெயர் ஆவணத்தில் இடம்பெற்றாக வேண்டும். நாளிதழ்ப் பக்கத்துக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

பக்கம் என்பது கூட்டு உழைப்பின் விளைவு, அதில் ஒருவரை மட்டும் எப்படித் தனித்துப் பாராட்டுவது என்ற கேள்வி நியாயமானதே. திரைப்படமும் கூட்டு உழைப்புதான். ஆனாலும், ஒளிப்பதிவாளருக்கும் படத்தொகுப்பாளருக்கும் கலை இயக்குநருக்கும் தேசிய விருதும் மாநில விருதும் தனித்தனியே வழங்குகிறோம். திரையில் முடிவது அச்சில் முடியாமல் போகக் காரணமில்லை.

இந்தக் கோரிக்கைக்கு இப்போது ஓர் அவசரமும் சேர்ந்திருக்கிறது. ஆயத்த வார்ப்புருக்களில் பக்கங்கள் தாமாகவே நிரம்புகின்றன. செயற்கை நுண்ணறிவு, கேட்ட நொடியில் ஓவியத்தைத் தருகிறது. நடக்காத நிகழ்வுக்கும் புகைப்படத்தை உருவாக்கிவிடுகிறது. இத்தகைய காலத்தில், இந்தப் படத்தை நான் நேரில் நின்று எடுத்தேன், இந்த வரைபடத்தின் அளவுகளுக்கு நான் பொறுப்பு என்று சொல்ல ஒரு மனிதரின் பெயர் இருப்பதே செய்தியின் நம்பகத்தன்மைக்கு முதல் சான்று. பெயரிடுவது வாசகருக்குத் தரும் உத்தரவாதம். பெருமை அதன் பின்னர்தான் வருகிறது.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. முதலாவதாக, எழுதுகோல் விருதில் புகைப்படம், கேலிச்சித்திரம், பக்க வடிவமைப்பு ஆகியவற்றுக்கெனத் தனிப் பிரிவை அரசு அறிவிக்கலாம். இரண்டாவதாக, ஒவ்வொரு படத்துக்கும் வரைபடத்துக்கும் சிறப்புப் பக்கத்துக்கும் உரியவரின் பெயரை வெளியிடுவதை நாளிதழ்கள் தாமாகவே மரபாக்கிக் கொள்ளலாம். மூன்றாவதாக, அச்சுக் கோப்பவர் காலத்திலிருந்து கணினிக் காலம் வரை பணியாற்றிய மூத்தவர்களின் நினைவுகளை, அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே ஒலி, ஒளி வடிவில் பதிவு செய்ய வேண்டும். தமிழ் அச்சு மரபைப் பாதுகாத்துவரும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற அமைப்புகளின் அனுபவம் இதற்குத் துணைநிற்கும்.

நான்காவது, ஓசூருக்கே உரியது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். கலை, பண்பாடு, மரபுச் சின்னங்களின் பாதுகாப்பும் அந்தப் பணிகளின் பட்டியலில் உள்ளது. ஓசூர் தொழிற்பேட்டைகளின் நிறுவனங்கள் மனம் வைத்தால், தமிழ், கன்னடம், தெலுங்கு, ஆங்கிலம் ஆகிய நான்கு மொழி நாளிதழ்களும் ஒரே கடையில் விற்பனையாகும் இந்த எல்லை நகரத்தில், அந்த மொழிகளின் காட்சி இதழியலுக்கு ஒரு கூடம் அமைப்பது எட்டாத கனவன்று. 'யங் இந்தியா'வுக்கு ஆசிரியப் பொறுப்பு வகித்தவரும், கல்கியின் துணையுடன் 'விமோசனம்' என்ற மதுவிலக்கு இதழை நடத்தியவருமான மூதறிஞர் ராஜாஜி, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில்தான் பிறந்தார். இதழியல் நினைவகம் ஒன்று அமைய இதைவிடப் பொருத்தமான மண் வேறெது?

ஆநிரை மீட்டு மாண்டவனுக்கு ஊர் கூடிக் கல் நட்டது. அந்தக் கல் இன்றும் நம்மோடு பேசுவதற்குக் காரணம், பெயர் தெரியாத ஒருவனின் உளி. அவனைத் தேடிக் கண்டுபிடிக்க இனி வழியில்லை. நம் காலத்தில் உளி பிடித்தவர்கள் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் பெயரைப் பொறிக்கக் காலம் கடந்துவிடவில்லை.