மெல்லிய முடி நோயல்ல

கடையில் நம் வயதுக்காரர்களைப் பார்த்ததும் ஒரு பாட்டிலை நீட்டுகிறார்கள்: "சார், இதைப் போட்டா முடி தடிக்கும்." தடிக்காது. வெளியே தெரியும் முடி உயிரற்ற கெரட்டின். அதன் கனத்தைத் தீர்மானிப்பது தோலுக்குள் இருக்கும் மயிர்க்கால். மேலே தடவும் மூஸ் முடியைச் சுற்றி ஒரு படலம் போடும்; முடி சற்றே எழும்பி நிற்கும்; தலைக்குக் குளித்தால் போய்விடும். அது ஒப்பனை, வைத்தியம் அல்ல. அப்படிச் சொல்லி விற்றால் எனக்குச் சண்டையே இல்லை.

கொடுமை என்னவென்றால், மெல்லிய முடிக்கு ஆகாததையும் நம் தலையில் கட்டுகிறார்கள். சீரம் பாட்டிலின் பின்பக்கம் படியுங்கள். டைமெத்திகோன் என்று இருந்தால் அது சிலிகான். முரட்டு முடியைப் படியவைக்கும் சரக்கு. ஏற்கெனவே படிந்து கிடக்கும் நம் முடிக்கு எதற்கு? வழிய வழிய எண்ணெய் தடவினாலும் இதே கதிதான். இருக்கும் நாலு முடியும் மண்டையோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆசையிருந்தால், துவட்டிய ஈரத்தலையில் நெல்லிக்காய் அளவு மூஸ் போதும். கண்டிஷனர் நுனிக்கு மட்டும். பிறவியிலேயே மெல்லிய முடி என்றால் அது நோயல்ல. ஆனால் திடீரென்று கொத்துக் கொத்தாகக் கொட்டினால், பென்ஷன் பணத்தைப் பாட்டிலில் போடாதீர்கள். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டோ, ரத்தசோகையோ இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கக் கடைக்காரருக்குத் தெரியாது.