பியூஸ் மாற்றத் தெரியாத பொறியியலாளர்

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்ற வரி இல்லாத பிரதம விருந்தினர் உரையை வன்னியில் நான் இன்னும் கேட்கவில்லை. பாடசாலைப் பரிசளிப்பு விழா, கணித தினம், வங்கிக் கிளையின் ஆண்டு நிறைவு, எதுவானாலும் சரி. மாலை விழுந்து, மங்கள விளக்கு ஏற்றி முடிய, ஐயா ஒலிவாங்கியைப் பிடிப்பார். "நாலு வருசம் இஞ்சினியரிங் படிச்ச பெடியனுக்கு வீட்டில ஒரு பியூஸ் மாத்தத் தெரியாது. கம்பஸில என்னத்தைத்தான் படிப்பிக்கினமோ!" சபை சிரிக்கும். முன்வரிசையில் விரிவுரையாளர் யாரேனும் இருந்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார், பாவம், மேடை நாகரிகம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் தொடங்கிய காலத்திலிருந்தே இந்தப் பகிடி ஓடுகிறது. பகிடியாகவே இருந்திருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். அது இப்போது கொள்கையாகிவிட்டது. பத்திரிகையில் கட்டுரையாக வருகிறது, தேர்தல் மேடையில் வாக்குறுதியாக வருகிறது. பொறியியல் பாடத்திட்டம் வெறும் கோட்பாடாம். கணிதத்தைக் குறைக்க வேண்டுமாம். தொழிற்சந்தை கேட்பதைப் படிப்பித்தால் பிள்ளைகள் ஊரிலேயே நிற்பார்களாம்.

முதலில் அந்தப் பியூசை எடுப்போம். அது மின் தொழிலாளியின் வேலை, அதைப் படிப்பிக்கவும் இடம் இருக்கிறது. அதே அறிவியல் நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம் 2016 முதல் இயங்குகிறது. வாகனம், மின்சாரம், கட்டுமானம் என்று கைவேலையோடு கற்பித்து, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழும் கொடுக்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பீடமும் அங்கேதான், பொறியியல் பீடத்துக்குப் புறம்பாக. அதற்கென்றே உயர்தரத்தில் தொழில்நுட்பத் துறை 2013இல் வந்தது. இத்தனையும் ஏ-9 வீதியால் போகிற எவர் கண்ணிலும் படும். ஐயா விருந்தினராக வரும்போது வாகனக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வருகிறார் போலும். எந்தக் கம்பிக்கு எவ்வளவு மின்னோட்டம் தாங்கும், குறுஞ்சுற்று ஏற்பட்டால் எத்தனை மில்லிசெக்கனுக்குள் இணைப்பு அறவேண்டும் என்று கணக்கிடுவதுதான் பொறியியலாளரின் வேலை. அதுபோக, இன்றைக்குப் புது வீடுகளில் இருப்பது ட்ரிப் சுவிட்ச். மாற்றுவதற்குப் பியூஸ் எங்கே?

பாடத்திட்டம் வெள்ளைக்காரன் காலத்துப் பழசு என்பது இன்னொன்று. பொறியியல் பட்டங்களின் தரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கை 2014இல் முழு உறுப்பு நாடானது. அந்த அளவுகோலை வைத்துத்தான் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் பட்டங்களை மதிப்பிடுகிறது. பெர்னூலி நீரோட்டத்தைப் பற்றி 1738இல் எழுதிய விதி பழசுதான், ஒப்புக்கொள்கிறேன். வான்கதவைத் திறந்தால் தண்ணீர் இன்றைக்கும் அதன்படியே பாய்கிறது.

"எங்கட முன்னோர் பட்டம் படிச்சோ குளம் கட்டினவை?" என்று கேட்பவர்களுக்கு, ஹென்றி பாக்கர் 1909இல் வெளியிட்ட 'புராதன இலங்கை' நூலைச் சிபாரிசு செய்கிறேன். அவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர். வவுனிக்குளத்தையும் அதைப் போன்ற பழைய குளங்களையும் ஆராய்ந்தவர், செங்கல்லின் அளவைக் கொண்டு காலத்தைக் கணிக்க முயன்றவர். பழைய துருசுகளில் தண்ணீரின் அழுத்தத்தை அடக்கக் கட்டிய கிணற்றைக் கண்டு, இந்த அறிவு ஐரோப்பாவுக்கு எவ்வளவோ பிந்தித்தான் வந்தது என்று வியந்தார். முன்னோரிடம் கோட்பாடு இருந்தது. இல்லாதவர்கள் கட்டிய குளங்கள் உடைந்துபோனதால் நாங்கள் அவற்றைப் பற்றிப் பெருமை பேசுவதில்லை.

இனிக் கணிதம். என்னை உண்மையில் கோபப்படுத்துவது இதுதான். நான் உயர்தர மாணவருக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறவன், ஆகவே சொந்தக் கடைக்கு விளம்பரம் செய்கிறேன் என்று சொல்வார்கள். சொல்லட்டும். "வேலைக்குப் போய் ஒருநாளாவது வகையீட்டுச் சமன்பாடு தீர்த்திருக்கிறியளோ?" என்பது இவர்களின் பிரம்மாஸ்திரம். கேட்டவர் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் பொறியியல் படித்துவிட்டு வங்கிக்கோ நிர்வாக சேவைக்கோ போனவராக இருப்பார். அவர் தீர்த்திருக்க மாட்டார்தான்.

இரணைமடுக் குளத்துக்கு வாருங்கள். 1902இல் தொடங்கி 1920இல் முடித்து, பிறகு பலமுறை அணையை உயர்த்திய குளம். கொள்ளளவு ஒரு இலட்சம் ஏக்கர் அடிக்கு மேல். கனகராயன் ஆறு தண்ணீர் சேர்த்துக்கொண்டு வரும் நீரேந்துப் பரப்பு ஏறத்தாழ 590 சதுர கிலோமீற்றர். மார்கழியில் ஒருநாள் 100 மில்லிமீற்றர் மழை அந்தப் பரப்பெங்கும் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வன்னிக்கு அது அதிசயமான மழை அல்ல. விழுந்த தண்ணீர் 5 கோடியே 90 இலட்சம் கன மீற்றர். நிலம் ஏற்கெனவே ஊறிக் கிடக்கிறது, பாதியாவது குளத்துக்கு ஓடி வரும். 24 மணித்தியாலத்துக்குச் சராசரி பார்த்தால் செக்கனுக்கு 340 கன மீற்றர். ஊரில் தண்ணீர் கொண்டுவரும் பத்தாயிரம் லீற்றர் பவுசரை நினைத்துப் பாருங்கள், ஒரு செக்கனுக்கு முப்பத்துநாலு பவுசர். சராசரியே இவ்வளவு என்றால் உச்சம் இதைவிடக் கூட.

இதுவரை ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. சிக்கல் இனித்தான். குளத்தின் நீர்மட்டம் ஏற ஏற, ஓர் அடி உயர்வு பிடிக்கும் தண்ணீரின் அளவு மாறும், ஏனென்றால் குளம் நேர்ச்சுவர்த் தொட்டி அல்ல. வான்கதவால் வெளியேறும் நீர் நீர்மட்டத்தைப் பொறுத்தது. நீர்மட்டமோ வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்பதைப் பொறுத்தது. சேமிப்பு மாறும் வீதம் சமன் வரவு கழித்தல் செலவு: இதுதான் ஐயா பகிடி பண்ணும் வகையீட்டுச் சமன்பாடு. அதை மணிக்கு மணி படிப்படியாகத் தீர்த்தால்தான் அதிகாலை இரண்டு மணிக்கு எத்தனை கதவை எத்தனை அடி தூக்குவது என்று சொல்லலாம். பிந்தித் திறந்தால் ஒரே மூச்சில் திறக்க நேர்ந்து பன்னங்கண்டியும் முரசுமோட்டையும் கண்டாவளையும் மூழ்கும். முந்தித் திறந்து மழை பொய்த்தால் சிறுபோகத்துக்குத் தண்ணீர் இல்லை, கமக்காரர் திணைக்கள வாசலில் நிற்பார்கள்.

2018 டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. கதவுகளைப் பிந்தித் திறந்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது, விசாரணை என்றார்கள். எது சரி, எது பிழை என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த வாரம் மேடைக்கு மேடை கேட்ட கேள்வி எனக்கு நினைவிருக்கிறது: "இஞ்சினியர்மார் ஏன் முன்கூட்டியே கணிச்சுச் சொல்லேல்லை?" எதைக் கொண்டு கணிப்பதாம்? நீங்கள் குறைக்கச் சொன்ன அந்தப் பாடத்தைக் கொண்டுதான்.

"அதுக்கெல்லாம் இப்ப மென்பொருள் இருக்குது." இருக்கிறது. அமெரிக்க இராணுவத்தின் பொறியியற் படை வெளியிடும் ஹெக்-ராஸ் இலவசம், இன்றிரவே நீங்களும் தரவிறக்கலாம். ஆற்றின் குறுக்குவெட்டைக் கொடுத்ததும் அது உங்களிடம் மானிங் குணகம், அதாவது ஆற்றுப்படுக்கையின் கரடுமுரடு, எவ்வளவு என்று கேட்கும். துப்புரவான ஆற்றுப்படுக்கைக்கு 0.03 போடலாம். நாணலும் பற்றையும் அடைத்த இடத்துக்கு 0.1 வரை போகும். மற்றவை அப்படியே இருக்க, குணகம் மூன்று மடங்கானால் நீரின் வேகம் மூன்றில் ஒன்றாகிவிடும். அவ்வளவு நீரையே கடத்த மட்டம் உயர்ந்தாக வேண்டும். கனகராயன் ஆற்றங்கரையில் இறங்கி நின்று, இந்தப் பற்றைக்கு 0.07 போடுவதா 0.1 போடுவதா என்று தீர்மானிப்பவர் அந்தக் குணகம் சமன்பாட்டில் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று அறியாதவராக இருந்தால், மென்பொருள் வண்ண வண்ணப் படமாக ஒரு பொய்யைக் கொடுக்கும். மாவட்டச் செயலகக் கூட்டத்தில் அந்தப் படத்தைத் திரையில் போட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

குளத்தோடு நிற்கவில்லை. பொருத்து வீட்டுக் கதை மறந்துபோயிற்றா? 2015, 2016 காலத்தில் வடக்குக் கிழக்கில் 65,000 உருக்கு வீடுகள் தருகிறோம் என்று வந்தார்கள். ஒரு வீட்டின் விலை இருபது இலட்சத்துக்கு மேல், அந்தக் காசுக்குக் கல்வீடு இரண்டு கட்டலாம் என்று சனம் கணக்குப் போட்டது. மாதிரி வீடுகளைக் காட்டி ஆசையும் காட்டினார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியல் ஆசிரியர்கள் அந்த வீட்டை மதிப்பிட்டுக் கேள்வி எழுப்பினார்கள். உட்புற வெப்பம், துருப்பிடிப்பு, அத்திவாரம், திருத்த வேண்டியிருந்தால் ஊர் மேசனால் திருத்த முடியுமா என்பவைதான் விவாதமாயின. வெப்பக் கடத்துகை, பதார்த்தவியல், மண் பொறியியல்: மூன்றும் விரிவுரை மண்டபத்தில் கொட்டாவி விட வைக்கும் பாடங்கள். அரசியல்வாதிகளின் எதிர்ப்புக்குப் பல் கொடுத்தவை அவைதான். அந்தப் பெரிய திட்டம் சொன்னபடி நடக்கவில்லை. வெல்டிங் மட்டும் தெரிந்த பட்டதாரிகள் இருந்திருந்தால் 65,000 வீட்டுக்கும் போல்ட் முறுக்க வேலை கிடைத்திருக்கும், உண்மைதான்.

அடுத்தது, சந்தை கேட்பதைப் படிப்பியுங்கள் என்பது. இருபது வருடத்துக்கு முன் சந்தையின் சொற்கேட்டுப் பாடத்திட்டம் எழுதியிருந்தால் பேராதனையும் மொறட்டுவையும் விசுவல் பேசிக் ஆறும் அடோபி பிளாஷும் படிப்பித்திருக்க வேண்டும். முதலாவதற்கு 2008இல் ஆதரவு நின்றது. இரண்டாவது 2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு கதை முடிந்தது. அந்தப் பட்டதாரிக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகியிராது. இப்போது எல்லார் வாயிலும் செயற்கை நுண்ணறிவு. நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் பகுதி வகையீடும் இல்லாமல் அது எப்படி இயங்குகிறது என்று முதற்பக்கம்கூட விளங்காது. செயற்கை நுண்ணறிவைச் சேருங்கள், கணிதத்தைக் குறையுங்கள் என்று ஒரே உரையில், இடையில் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல், சொன்னவரை என் காதால் கேட்டேன்.

அதோடு, எந்தச் சந்தை? பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை எரிசோடாவும் குளோரினும் செய்தது. எண்பதுகளில் யுத்தம் அதை மூடியது. பூநகரியிலும் மன்னாரிலும் பெரிய காற்றாலை என்றார்கள். 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் விலகிக்கொண்டது. பொறியியல் படிப்பின் தொழிற்சாலைப் பயிற்சிக்குக் கிளிநொச்சிப் பிள்ளை பெரும்பாலும் கொழும்புக்குப் பேருந்து ஏறவேண்டியிருப்பதற்குப் பாடத்திட்டம் என்ன செய்யும்? இங்கே பொறியியலாளரைக் கேட்கும் வேலைகளில் பெரும்பகுதி குளம், வீதி, பாலம், குடிநீர், மின்வழங்கல். இவை ஐந்தும் பாடத்திட்டத்தில் இருக்கின்றன, ஐயா குறைக்கச் சொல்லும் பக்கங்களில். சமன்பாட்டைக் கரும்பலகையிலேயே முடித்துவிட்டு, இருபது நிமிடத் தூரத்தில் இருக்கும் குளக்கட்டுக்கு மாணவரைக் கூட்டிப்போகாத விரிவுரையாளர் இருந்தால் அவரை நன்றாகக் கேளுங்கள். அதற்குப் பாடத்திட்டத்தில் கைவைக்கத் தேவையில்லை, ஒரு பேருந்தும் டீசலும் போதும்.

கடைசியாக, பாடத்திட்டத்தை மாற்றினால் பிள்ளைகள் வெளிநாடு போகமாட்டார்கள் என்பது. 2022இல் நாடு கடனைக் கட்டமுடியாது என்று கைவிரித்தபோது, இருநூறு ரூபாய் அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. கடவுச்சீட்டு அலுவலக வாசலில் சனம் இரவிரவாகப் படுத்துக் கிடந்தது. அந்த வரிசையில் பொறியியலாளரும் மருத்துவரும் மேசனும் தாதியும் சேர்ந்தே நின்றார்கள், நால்வரும் ஒரே பாடத்திட்டத்தில் படித்தவர்கள் அல்லர். தொகையீட்டை வெட்டினால் டொலர் இறங்கும் என்று அடுத்த பரிசளிப்பு விழாவில் ஐயா நிறுவிக் காட்டட்டும், நானே முதல் ஆளாகக் கைதட்டுகிறேன். நிறுவலுக்குக் கொஞ்சம் கணிதம் தேவைப்படும், அதை மட்டும் யாரிடமாவது கேட்டுக்கொண்டு வரட்டும்.