கீபோர்டு மேல் பழி போடாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா பாடிய தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் பல வருடங்களாகக் கேட்டுக் கேட்டு கம்ப்யூட்டரில் அடித்து வைத்திருந்தேன். அது பழைய தமிழ் மென்பொருள். விண்டோஸ் 10-இல் திறக்கவே மாட்டேன் என்கிறது. என் பழைய பெட்டியும் போன மாதம் கண்ணை மூடிவிட்டது. நல்லவேளை, ஹார்டு டிஸ்க் பிழைத்தது. செகண்ட் ஹாண்டில் ஒரு பெட்டி வாங்கினேன், இன்டெல் ஆறாம் தலைமுறை. அதில் விண்டோஸ் 7 போட்டு, பாட்டையெல்லாம் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம் என்று கணக்கு.

டிவிடியைப் போட்டேன். மொழி கேட்கும் முதல் திரை வந்தது. அதோடு சரி. கீபோர்டில் எதை அழுத்தினாலும் அசைவில்லை, நம்லாக் விளக்கும் அணைந்துவிட்டது. மவுசும் அப்படியே. கடைக்காரத் தம்பி வந்து பார்த்தார். "டீச்சர், கீபோர்டு கம்பாட்டிபிள் இல்ல, மாத்திருங்க" என்றார். 450 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். அதுவும் ஊமை. 700 ரூபாய்க்கு இன்னொன்று. அதுவும் ஊமை. அப்புறம் "மதர்போர்டு போயிருக்கும்" என்றார். எங்கள் வீட்டுக்காரர் "அந்தப் பாட்டையெல்லாம் நோட்டில் எழுதியிருந்தால் இந்தப் பாடு உண்டா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

திருப்பூரில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "டீச்சர், பயாஸ் திரையில அந்தக் கீபோர்டு வேலை செய்யுதா?" போய்ப் பார்த்தேன். அம்புக்குறி ஜோராக ஓடியது. "அப்ப கீபோர்டும் நல்லா இருக்கு, போர்டும் நல்லா இருக்கு. விண்டோஸ் 7-க்குத்தான் அந்த சாக்கெட்டோட பாஷை தெரியல" என்றான். ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லத் தெரியாமல் என்னிடம் அடி வாங்கியவன் அவன். அதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

அவன் சொன்னது இதுதான். கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் பொறுப்பில் இருப்பது பயாஸ். அதற்கு யுஎஸ்பி கீபோர்டு தெரியும். விண்டோஸ் நிறுவல் தொடங்கியதும் பொறுப்பு அதன் கைக்கு மாறிவிடுகிறது. விண்டோஸ் 7 வந்தது 2009-இல். யுஎஸ்பி 3.0-க்கான டிரைவர் அதில் கிடையாது, விண்டோஸ் 8-இல்தான் சேர்த்தார்கள். 2015-இல் வந்த ஆறாம் தலைமுறை போர்டுகளிலோ பழைய யுஎஸ்பி 2.0 கன்ட்ரோலரையே இன்டெல் எடுத்துவிட்டது. நீல சாக்கெட், கருப்பு சாக்கெட் எதில் செருகினாலும் போய்ச் சேருவது புதிய கன்ட்ரோலரிடம்தான். பழைய தலைமை ஆசிரியர் கூப்பிட்டால் டக்கென்று எழுந்து நிற்கும் பிள்ளை, புதிதாக வந்தவர் பெயரை மாற்றிக் கூப்பிட்டால் பேசாமல்தானே உட்கார்ந்திருக்கும்? அதற்காக அந்தப் பிள்ளையை மக்கு என்று எழுதிவிடுவதா? பென்டிரைவிலிருந்து நிறுவினால் 'டிரைவர் இல்லை' என்று நிற்பதும் பெரும்பாலும் இதே காரணம்தானாம்.

வழி சுலபம். பெட்டியின் பின்னால் ஊதா நிறத்தில் வட்ட சாக்கெட் இருக்கிறதா பாருங்கள். பிஎஸ்/2 என்பார்கள். அதற்குரிய பழைய கீபோர்டை, மின்சாரத்தை அணைத்துவிட்டுச் செருகிப் பிறகு போட வேண்டும். ஓடும்போது செருகினால் தெரியாது. விண்டோஸ் 7 அதை உடனே அடையாளம் கண்டுகொண்டது. நிறுவி முடித்து, போர்டின் டிவிடியில் இருந்த யுஎஸ்பி 3.0 டிரைவரைப் போட்டதும் 450-ம் 700-ம் இரண்டும் பேச ஆரம்பித்தன! வட்ட சாக்கெட் இல்லாதவர்கள், அந்த டிரைவரை முன்கூட்டியே பென்டிரைவில் சேர்த்துக்கொண்டு நிறுவ வேண்டும்.

கடைத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. 'கம்பாட்டிபிள் இல்லை' என்ற சொல் மேல்தான் கோபம். எது, எதோடு ஒத்துப்போகவில்லை என்று சொல்லாத வரை அது பதிலே இல்லை. கம்ப்யூட்டர் துறையில் இருக்கும் என் பிள்ளைகளே, வயதானவர்கள் கேட்டால் "புதுசு வாங்கிடுங்க" என்று போனை வைக்காதீர்கள். அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

"விண்டோஸ் 7 எல்லாம் ஆபத்து டீச்சர்" என்று கமெண்டில் வருவீர்கள் என்று தெரியும். 2020 ஜனவரியோடு அதற்கு ஆதரவு முடிந்துவிட்டது, அதனால் அந்தப் பெட்டிக்கு நெட் இணைப்பே கொடுக்கவில்லை.

இதுவரை 41 பாட்டு மாற்றியாயிற்று. அந்த வட்ட முனை கீபோர்டு பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது, ஞாயிறன்று திருப்பித் தர வேண்டும். யார் வீட்டுப் பரணிலாவது ஒன்று கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், எனக்குக் கொடுத்தனுப்புங்கள்.