பிள்ளைகள் கற்பது ஒன்று, கோயிலில் காண்பது ஒன்றா?

அன்னையின் ஆண்டுத் திருவிழா மீண்டும் வந்திருக்கின்றது. திருவிழா மலரில் செயலாளர் எழுதும் பகுதி என்றால் உபயகாரர்களுக்கு நன்றி, திருப்பணிக் கணக்கு, அடுத்த ஆண்டுக்கான வேண்டுகோள் என்று முடிவதே வழக்கம். நன்றியையும் கணக்கையும் இம்முறை தலைவர் தமது வாழ்த்துரையில் எழுதிவிட்டார். அடியேன் குப்பையைப் பற்றி எழுதத் துணிகிறேன். விழா நாளில் எழுதத்தக்க பொருளா இது என்று சிலர் முகம் சுளிக்கலாம், பொறுத்தருள வேண்டும்.

சென்ற ஆண்டு இரதம் ஆலயம் திரும்பிய மறுநாள் காலை, பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் சிலர் தங்கள் ஆசிரியையுடன் துப்புரவுப் பணிக்கு வந்திருந்தனர். பள்ளியில் படித்ததைச் செய்து பார்க்கட்டும் என்று, குப்பையை வகை பிரிக்கும் பொறுப்பை அவர்களிடமே விட்டோம். நானும் உடன் நின்று, அன்னதானத் தட்டுகளைக் காகிதப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சிறுமி தட்டொன்றை எடுத்துக் கிழித்தாள். உட்புறத்தில் பளபளவென்று ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை உரித்துக் காட்டினாள். "மாமா, இது வெறும் காகிதம் இல்லை. பழைய காகிதம் வாங்குபவர்கள் இதை எடுக்க மாட்டார்கள். மண்ணில் போட்டாலும் முழுதாக மக்காது. பிறகு ஏன் கோயிலில் இதை வாங்குகிறீர்கள்?" என்று கேட்டாள்.

பினாங்கு மாநிலத்தில் பொலிஸ்டிரின் உணவுப் பெட்டிகளுக்கு 2012ஆம் ஆண்டிலேயே தடை வந்துவிட்டது. நாங்களும் அதனை விட்டொழித்து இந்தத் தட்டுக்கு மாறினோம். நல்லதொரு காரியம் செய்துவிட்டோம் என்ற எண்ணத்திலேயே இத்தனை ஆண்டுகளும் இருந்துவிட்டோம். அந்தத் தட்டுக்கான விலைச்சீட்டில் ஆண்டுதோறும் கையொப்பமிடுபவன் நானே. அச்சிறுமிக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

செபராங் பிறையின் தென்பகுதியில் வாழும் நமக்கு, தூக்கியெறிந்த பொருள் எங்கே போகின்றது என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை இல்லை. தீவின் குப்பையும் பெருநிலத்தின் குப்பையும் வந்து சேரும் புலாவ் பூரோங் குப்பைமேடு நமது நிபோங் தெபால் வட்டாரத்தில்தான் உள்ளது. 2022ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அது தீப்பற்றி எரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நாள்கணக்கில் புகை சூழ்ந்தது. அருகிலிருந்த தோட்டத் தமிழ்ப்பள்ளியை மூட வேண்டியதாயிற்று. சோறும் காய்கறியும் இலையும் காற்றுப் புகாத குவியலுக்குள் அழுகும்போது மீத்தேன் என்னும் எரிவாயு உண்டாகின்றது. மேட்டுக்குள் பிடித்த தீயை எளிதில் அணைக்க முடியாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த மேட்டில் நம் ஆலயத்தின் பையும் உண்டு என்பதை எண்ணும்போது நெஞ்சு உறுத்துகின்றது. நாம் அன்னதானம் செய்துவிட்டுக் கட்டியனுப்பிய மிச்சமும் சேர்ந்த மேட்டின் புகையை நம் பிள்ளைகளே சுவாசித்தார்கள்.

பள்ளிகளில் சுற்றுச்சூழல் கல்வி இல்லை என்று சொல்ல இயலாது. 'செக்கோலா லெஸ்தாரி' என்னும் சுற்றுச்சூழல் விருதுத் திட்டம் 2005ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகின்றது. பினாங்கில் 2011இல் இலவசப் பிளாஸ்டிக் பை நிறுத்தப்பட்டது. 2016 ஜூன் முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்னும் கொள்கையும் வந்தது. 'கித்தார் செமூலா' என்ற சொல்லை அறியாத மாணவர் இன்று நாட்டில் இரார். ஆயினும், அந்தச் சொல்லோடு பாடம் நின்றுவிடுகின்றது என்பதே அடியேனின் மனக்குறை. பல பள்ளிகளில் மறுசுழற்சி என்பது எடைப்போட்டியாக மாறிவிட்டது. எந்த வகுப்பு அதிகக் கிலோ கொண்டுவருகிறதோ அதற்குப் பரிசு! தம் மகனின் வகுப்பு வெல்ல வேண்டும் என்பதற்காகப் பான டின்களைப் பெட்டியாக வாங்கி, வீட்டார் அனைவரும் குடித்து, வெற்று டின்களைக் கொடுத்தனுப்பிய தகப்பனார் ஒருவரை நான் அறிவேன். நல்ல மனிதர்தாம். பாடத்தைத்தான் தலைகீழாகப் படித்துவிட்டார்.

இப்போது 'சுழற்சிப் பொருளாதாரம்' என்ற புதிய சொல் வழக்கிற்கு வந்திருக்கின்றது. திடக்கழிவுத் துறைக்கென 2025 முதல் 2035 வரைக்குமான சுழற்சிப் பொருளாதாரப் பெருந்திட்டம் ஒன்றையும் அரசாங்கம் வகுத்துள்ளது. பெயர் மிரட்டினாலும் கருத்து எளியது. ஒரு பொருளைச் செய்து, பயன்படுத்தி, எறிந்துவிடுவது நேர்க்கோடு; எறிய வேண்டிய தேவையே எழாதபடி தொடக்கத்திலேயே யோசித்துச் செய்வதும், ஒன்றின் மிச்சத்தை மற்றொன்றின் முதலாக்குவதும் வட்டம். தட்டை எந்தப் பையில் போடுவது என்பது கடைசிக் கேள்வி. அந்தத் தட்டை ஏன் வாங்கினீர்கள் என்பதே முதற்கேள்வி. ஐந்தாம் ஆண்டுச் சிறுமிக்கு அது தெரிந்திருந்தது.

இது நம் ஆலயங்களுக்குப் புதியதன்று. கருவறையில் அபிடேகமான நீர் கோமுகி வழியாக வெளியேறி நந்தவனத்துக்குப் பாயும். அங்கே பூத்த மலர் மறுநாள் அம்மன் திருமேனிக்கு வரும். களைந்த மாலை மீண்டும் செடியின் அடிக்கே போகும். பசுவின் சாணம் திருநீறாகும். நான் சிறுவனாக இருந்த காலத்தில், தோட்டத்து மாரியம்மன் கோயிலில் சாப்பிட்டு முடித்த வாழையிலைகளுக்காக, லயத்து மாடுகள் வேலியருகே காத்து நிற்கும். குப்பை லாரி என்ற ஒன்றை நான் கண்டது இடைநிலைப்பள்ளிக்குப் பட்டணம் போன பிறகுதான். தோட்டம் விற்கப்பட்டு, ஆலயம் இந்தப் புதிய நிலத்திற்கு வந்தபோது, கார் நிறுத்த வசதி வேண்டும் என்று சுற்றிலும் சிமெண்டு பூசினோம். நந்தவனத்திற்கு இடம் இல்லாமற் போயிற்று. இன்று கோமுகியின் நீர் குழாய் வழியாகச் சாக்கடைக்குச் செல்கின்றது. அந்தத் தீர்மானத்திலும் என் கையொப்பம் உண்டு.

சிறுமியின் கேள்விக்குப் பிறகு ஆசிரியையும் நானும் கலந்து பேசி, ஆலயத்தின் பின்புறம் மண் தரையாக எஞ்சியிருந்த சிறு துண்டு நிலத்தில் மாணவர்களைக் கொண்டு உரக்குழி அமைத்தோம். முதற்குழி தோல்வி. ஆர்வத்தில் பூ, பழம், இலை, பாலில் நனைந்த துணி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டோம். ஒரு வாரத்தில் ஈ மொய்த்து, நாற்றம் தாங்காமல் அர்ச்சகர் முறையிட்டார். ஆசிரியை இதையே பாடமாக்கினார். பாலும் நெய்யும் குழிக்கு ஆகா. ஈரமான பூவுக்குச் சரிக்குச் சரியாக உலர்ந்த சருகு சேர்க்க வேண்டும். காற்றுப் புகுமாறு அடிக்கடி கிளறிவிட வேண்டும். பிள்ளைகள் இதனைக் குறிப்பேட்டில் எழுதி, இரண்டாம் குழியில் சரியாகச் செய்தார்கள். மூன்றாம் மாதம் மண் வாசனை வந்தது.

இன்னொன்றையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். மாலைகள் மக்கிய பின்னும் குழிக்குள் நைலான் நூலும் சரிகையும் அப்படியே கிடந்தன. முன்பெல்லாம் வாழைநாரில் தொடுத்த மாலை இன்று நைலான் நூலில் வருகின்றது. மாணவர் இருவர் பூக்கடைக்காரரிடம் சென்று, பருத்தி நூலில் கட்டித்தர முடியுமா என்று வினவினர். நூலை ஆலயம் கொடுத்தால் கட்டித் தருகிறேன் என்றார் அவர். குப்பைக் குழியில் தொடங்கிய பாடம் கடைவாசல் வரை சென்று, பொருள் உண்டாகும் இடத்திலேயே திருத்தம் செய்தது. நான் கேட்ட சுற்றுச்சூழல் உரைகள் எதுவும் இவ்வளவு தெளிவாக இதனை எனக்கு உணர்த்தியதில்லை.

தேங்காயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தைப்பூச நாள்களில் பினாங்கில் வெள்ளி இரதம் வரும் வழியெங்கும் உடைபடும் தேங்காய்களின் குவியலை அறியாதார் இல்லை. உடைத்தல் நேர்த்திக்கடன், அதனைக் குறைசொல்ல நான் யார்? ஆயினும், உடைத்த பின் இயந்திரத்தால் வாரிச் செல்லப்படும் அந்தப் பருப்பும் சிரட்டையும் எவ்வளவு பயனுடையவை! சிரட்டை கரியாகும், அந்தக் கரியை மேலும் பதப்படுத்தினால் நீர் வடிகட்டும் கரியாகும். உரித்த நாரைக் கொண்டு செடிக்கு மூடாக்கு இடலாம். நம் ஆலயத்தில் இவ்வாண்டு சிதறு தேங்காய்க்கென ஒரு மேடையைக் கழுவிச் சுத்தமாக ஒதுக்கியிருக்கின்றோம். அதனைவிட்டு வெளியே சாலையில் உடைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். பொறுக்குவதற்கு ஆள் உண்டு.

இதெல்லாம் ஆசிரியர் வேலை, கோயில் வழிபாட்டுக்குரிய இடம் என்று நிருவாகக் குழுவிலேயே ஒருவர் கூறினார். மூத்தவர், அவர் பேச்சை நான் மதிக்கின்றேன். ஆனால் பள்ளியில் ஆண்டு முழுதும் ஆசிரியை சொல்லித்தந்ததை, மூன்று நாள் திருவிழாவில் நாம் அழித்துவிட முடியும். பிள்ளை கண்ணால் காண்பதைத்தான் நம்பும். சாமி சந்நிதியிலேயே இப்படித்தான் என்றால், வகுப்பறையில் சொன்னது தேர்வுக்கு மட்டும் என்று அது முடிவுகட்டிவிடும். ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டபின், செய்முறைக் கல்விக்கு நேரம் உண்டு என்று ஆசிரியர்கள் கூறுகின்றனர். செய்து பார்க்க இடம்தான் இல்லை. அந்த இடம் நம்மிடம் இருக்கின்றது.

தட்டுச் சிக்கல் இன்னும் முழுமையாகத் தீரவில்லை என்பதை ஒளிக்காமல் கூறிவிடுகிறேன். எவர்சில்வர் தட்டு வாங்கலாம் என்றால், கழுவ ஆள் யார், தண்ணீர்க் கட்டணம் எவ்வளவு, எண்ணெய் கலந்த நீர் எங்கே போகும் என்று கேள்விகள் வந்தன. அவை நியாயமான கேள்விகளே. வாழையிலை போதும் என்றால், திருவிழாக் காலத்தில் அத்தனை இலைக்கு எங்கே போவது? கடைசியாக, வெள்ளிக்கிழமை அன்னதானத்திற்கு மட்டும் 200 எவர்சில்வர் தட்டுகள் வாங்கினோம். உண்டவர் தம் தட்டைத் தாமே கழுவி வைப்பது என்று முடிவாயிற்று. முதல் வாரம் சிலர் முணுமுணுத்தனர். இரண்டு மாதத்தில் பழகிவிட்டது. திருவிழாவின் மூன்று நாள்களுக்கும் சேர்த்து இன்னும் 800 தட்டுகள் தேவை. சரவிளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் பெயர் பொறித்துத் தரும் உபயகாரர்கள், தட்டுக்குத் தரத் தயங்குகிறார்கள்; தட்டில் பெயர் பொறிக்க இடம் சிறிதுதான். இருந்தாலும் பொறித்துத் தருகிறோம்.

இவ்வாண்டு இரதம் திரும்பிய மறுநாள் காலை 8 மணிக்கு மாணவர்கள் மீண்டும் வருகின்றனர். பெற்றோரும் உடன் வந்தால் கையுறை தயாராக இருக்கும். தட்டு உபயம் தர விரும்புவோர் ஆலய அலுவலகத்தில் அடியேனைக் காணலாம்.